தரையில்லாத கூடாரம்

1

இந்த ஊரில் ஜூலை வந்தால் யாரும் வீட்டில் தங்குவதில்லை. முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கேரளத்து ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் என்னோடு வளர்ந்தவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே சுமையோடு மலை ஏறினால் கூலி கொடுப்பார்கள். இங்கே இவர்கள் கைக்காசைச் செலவழித்து ஏறுகிறார்கள். மேலே போய் என்னதான் செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். ரொட்டி தின்றுவிட்டு இறங்கி வருகிறார்கள்.

என் கணவர் வெர்னரும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான். கன்னியாஸ்திரீகள் ஏற்பாட்டில் நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி வந்த நான், மாதா கோவிலில் முறைப்படி இவரைக் கட்டிக்கொண்ட பிறகு, முதல் இரண்டு கோடையில் மலைப்பக்கம் வரவே மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டேன். பிறகு மகன் மார்ட்டின் பிறந்தான். அவன் நடக்கத் தொடங்கியதும் என் முதுகிலும் ஒரு பை ஏறிவிட்டது. வெர்னர் உணவைச் சுமப்பார். நான் கூடாரமும் அடுப்பும் சுமப்பேன். மார்ட்டின் எதையும் சுமக்காமல் முணுமுணுத்துக்கொண்டே வருவான்.

போன வருஷம் அந்தப் பையோடுதான் அம்மாவை அடக்கம் செய்ய ஊருக்குப் போனேன். வருஷம் திரும்பிவிட்டது. இந்த ஒரு வருஷமாக எனக்குள் எதுவும் அசையவில்லை. வேலைக்குப் போகிறேன், சமைக்கிறேன், நோயாளிகளுக்கு ஊசி போடுகிறேன். எழுதும்போதாவது ஏதாவது தோன்றுகிறதா என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

2

செய்தி வந்தபோது நாங்கள் எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் மலையடிவாரத்தில் ஒரு விடுதியில் இருந்தோம். வீட்டுக்கு வந்த தந்தியைப் பக்கத்து வீட்டு அம்மாள் பிரித்து, அதிலிருந்த ஆங்கிலத்தை எழுத்தெழுத்தாகத் தொலைபேசியில் வாசித்தார். அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, உடனே புறப்படு என்பதுதான் விஷயம். எல்லை தாண்டும் பயணம் என்பதால் பாஸ்போர்ட் கையிலேயே இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்ட நேரமில்லை. வெர்னர் ரயிலில் என்னோடு மியூனிக் வரை வந்தார். மார்ட்டினை விடுதிக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வந்தோம்.

விமான நிலையத்தில் வெர்னர் செய்ததெல்லாம் சரியாக நினைவிருக்கிறது. பையிலிருந்து அடுப்பையும் அதன் கேஸ் குப்பியையும் வெளியே எடுத்தார். தொங்கிய வார்களை எல்லாம் இழுத்துச் சுருட்டி முடிந்தார். இல்லாவிட்டால் சாமான் போகும் பட்டையில் சிக்கிக்கொள்ளுமாம். கூடார முளைகளின் கூரான முனைகளை என் காலுறைக்குள் சொருகினார். மடக்குக் கத்தியைக் கைப்பையில் வைக்காதே, பெரிய பைக்குள் போடு என்றார். பூட்ஸைக் காலிலேயே போட்டுக்கொள், எடை குறையும் என்றார். துக்கத்துக்குப் போகிற பெண்டாட்டியிடம் அவருக்குச் சொல்ல வேறு எதுவும் கிடைக்கவில்லை. எனக்கும் அது போதுமானதாக இருந்தது.

பையைத் தராசில் வைத்தார்கள். அளவுக்கு மேல் இருப்பதாகக் கவுன்ட்டர் பெண் சொன்னாள். "பையின் எடையைக் கழித்தீர்களா?" என்று கேட்டேன். அவள் புரியாமல் பார்த்தாள். எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது சாக்கின் எடையைக் கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். மழை நாளில் இலையில் ஒட்டிய ஈரத்துக்கும் சேர்த்துக் கழிப்பார்கள். கழிக்காத நிறுவையை நான் கண்டதே இல்லை. இத்தனை வருஷம் வெளிநாட்டில் இருந்தும் எனக்குத் தராசு என்றால் அந்தத் தராசுதான். வெர்னர் குறுக்கே வந்து, இவளுடைய தாய் சாகக் கிடக்கிறாள் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் சீட்டை ஒட்டிவிட்டாள்.

3

விமானத்தில் நான் அம்மாவைப் பற்றி நினைக்கவில்லை, மழையைப் பற்றித்தான் நினைத்தேன். அதற்குக் காரணம் உண்டு.

எங்கள் அப்பா இறந்ததும் இதே மழைக்காலத்தில்தான். நான் நர்ஸ் படிப்புக்குப் போவதற்கு முந்தின வருஷம். கல்லறைத் தோட்டம் சரிவில் இருக்கிறது. காலையில் வெட்டிய குழி மத்தியானத்துக்குள் நிறைந்துவிட்டது. இறைத்துப் பார்த்தார்கள், முடியவில்லை. இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்று தண்ணீருக்குள்ளேயே பெட்டியை இறக்கினார்கள். கிணற்றில் வாளி விழுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. அம்மா அதைக் கேட்டாள். அன்றிலிருந்து அவள் என்னிடமும் தங்கையிடமும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்னையத் தண்ணிக்குள்ள போட்றாதீங்கடி. உசுரோட இருக்கும்போதுதான் காய வழியில்ல. அப்பயாச்சும் காஞ்ச தரையில படுக்க வையிங்க."

இதை எங்கள் ஆட்களுக்கு விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஜூன் தொடங்கினால் அம்மா தலையில் கம்பளியும் இடுப்பில் சாக்குமாகக் கொழுந்து கிள்ளப் போவாள். சாயங்காலம் லயத்துக்கு, அதாவது எங்கள் வரிசை வீட்டுக்குத் திரும்பியதும் அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில் அந்தக் கம்பளியைப் போடுவாள். அது ஒருநாளும் முழுதாகக் காய்ந்ததில்லை. காலையில் பாதி ஈரத்தோடு எடுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடி மழைக்குள் இறங்குவாள். கால்விரல் இடுக்கெல்லாம் மாதக்கணக்கில் வெள்ளையாக வெளுத்திருக்கும்.

அவள் கேட்டதைச் செய்ய முடியுமா என்பதுதான் வழி முழுவதும் எனக்கிருந்த ஒரே கவலை. உயிரோடு பார்ப்பேனா என்ற கவலை வந்திருக்க வேண்டும். ஏனோ வரவில்லை.

4

பம்பாயில் சுங்க அதிகாரி பையைத் திறந்தார். வெளிநாட்டிலிருந்து வரும் நர்ஸ்களின் பெட்டியில் அவர் என்னென்ன பார்த்திருப்பாரோ, இதைப் பார்த்ததில்லை. கூடாரம், அலுமினியக் கம்புகள், முளைகள், கயிறு, உறக்கப்பை, கத்தி.

இதெல்லாம் விற்பதற்கா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு எதற்கு என்றார். மலை ஏறுவதற்கு என்றேன். எங்கே மலை ஏறப்போகிறாய் என்றார். ஊருக்குப் போகிறேன், அம்மாவுக்கு உடம்பு மோசம் என்றேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். அம்மா சாகக் கிடக்கிறாள் என்று சொல்கிறவள் அழ வேண்டும். நான் ரயில் நேரம் சொல்வதுபோலச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

கூடாரத்தை விரித்துக் காட்டச் சொன்னார். உள்ளே எதையாவது சுருட்டி வைத்திருக்கிறேனோ என்று சந்தேகம். சிமென்ட் தரையில் மண்டியிட்டு விரித்தேன். மலையில் ஒட்டிய ஊசியிலைகள் உதிர்ந்தன. பெரிய அதிகாரி வந்து பார்க்கும் வரை உட்காரச் சொன்னார்கள். அவர் வந்து பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போனபோது கொச்சி விமானம் போய்விட்டிருந்தது. மறுநாள் விமானத்தில்தான் இடம் கிடைத்தது. பெஞ்சில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

5

கோட்டயத்திலிருந்து மலையேறிய பஸ் குட்டிக்கானம் தாண்டி நின்றுவிட்டது. முன்னால் மண் சரிந்திருந்தது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, "இனி நடக்கணும் சேச்சி" என்றார். மற்றவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் வழுக்கி வழுக்கி நடந்தார்கள். நான் பையை மாட்டி, இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு நடந்தேன். அந்த பூட்ஸ் இந்த மாதிரி வழிக்கென்றே செய்தது. முதல்முறையாக எனக்கு அதனால் உருப்படியான பிரயோஜனம் கிடைத்தது.

லயத்து முற்றத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்ததுமே அம்மா போய்விட்டாள் என்று தெரிந்துகொண்டேன். அவர்கள் என் முதுகிலிருந்த பையையே பார்த்தார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவள் காரில் வந்து இறங்குவாள், பெட்டியை யாராவது தூக்கி வருவார்கள் என்று எதிர்பார்த்திருப்பார்கள். எஸ்டேட்டில் முதுகில் சுமை இருந்தால் அவள் கூலிக்காரி. வேறு கணக்கு கிடையாது. அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து கிள்ளிய செல்லம்மா சித்தி என் தோளிலிருந்த வார்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் காதோடு கேட்டாள்.

"அங்கயும் கொழுந்துதானா தாயி? நர்ஸு வேலன்னுல்ல உங்கம்மா சொல்லிக்கிட்டு இருந்தா?"

"நர்ஸுதான் சித்தி. இது சும்மா நடக்கப் போறதுக்கு."

"சும்மா நடக்கிறதுக்கு எதுக்குத் தாயி இம்புட்டுச் சொமை?"

நான் பையை இறக்கி வாசலில் வைத்தேன்.

என் தங்கை ஜெசிந்தா உள்ளேயிருந்து வந்தாள். அம்மாவின் இடத்தில் இப்போது அவள்தான் கொழுந்து கிள்ளுகிறாள். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் நோயாளியின் சொந்தக்காரர்களைத் தட்டிக்கொடுப்பது போலத்தான் தட்டினேன்.

"நீ ஏரோப்பிளேன் ஏறுமுன்னையே போயிட்டாங்கக்கா. ஐஸு வைக்கச் சொன்னாங்க. நா வேணாம்னுட்டேன். ஐஸு உருகுனா நனைஞ்சிருவாங்கல்ல? எஸ்டேட்டு ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரக் கூப்பிட்டு ஒடம்பு கெடாம இருக்க ஊசிதான் போட்டோம். இனி தாங்காது. இன்னைக்கே எடுத்தாகணும்."

அம்மாவைப் பார்த்தேன். முகம் காய்ந்து இருந்தது, துணியும் காய்ந்து இருந்தது. ஜெசிந்தா அதுவரை வாக்கைக் காப்பாற்றியிருந்தாள். வெளியே மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை.

6

குழி தோண்டப் போயிருந்த ஜெசிந்தாவின் புருஷன் அந்தோணி தலையில் சாக்கோடு திரும்பி வந்தார்.

"எறைக்க எறைக்க ரொம்புது மதினி. மேலருந்து ஊத்துது, பக்கத்துலருந்து வழியுது. மாமாவுக்கு ஆன கதைதான் ஆகும்போல."

ஜெசிந்தா பெட்டியைத் தொட்டுக் காட்டினாள். பாக்டரி தச்சர் டீப்பெட்டிப் பலகையில் செய்தது. ஒட்டுப்பலகை. "இது தண்ணியில கெடந்தா பிரிஞ்சிரும்க்கா" என்றாள்.

நான் பையைத் திறந்து கூடாரத்தை வெளியே எடுத்தேன். பெரிய யோசனை செய்து எடுத்ததாக நினைக்க வேண்டாம். மழை பெய்தால் கூடாரம் அடிப்பது நாலைந்து வருஷப் பழக்கம். கை தானாகச் செய்தது.

கல்லறைத் தோட்டத்துக்கு அந்தோணியும் இரண்டு ஆட்களும் நானும் முதலில் போனோம். குழியின் மேலே கூடாரத்தை நிறுத்தலாம் என்றால், அதன் அடியில் தடித்த ரப்பர் பூசிய துணி தரையாகச் சேர்த்துத் தைத்திருக்கிறது. அது இருந்தால் குழிக்கு மேலே மூடிபோட்ட மாதிரி ஆகிவிடும். மடக்குக் கத்தியை எடுத்துத் தையலை ஒட்டி அறுத்தேன். வெர்னர் அந்தக் கூடாரத்தைத் தொட்டில் பிள்ளையைப் போல வைத்திருப்பார், மடிப்பு மாறினால் முகம் மாறிவிடும். அதெல்லாம் அப்போது நினைவுக்கு வரவில்லை. தரையின் ஒரு மூலையில் மார்ட்டின் பேனாவால் வரைந்த படகு ஒன்று இருந்தது. ஒரு மழை நாளில் வெளியே போகமுடியாமல் வரைந்தது. அந்தப் பக்கத்தையும் அறுத்து எடுத்துப் புல்லில் போட்டேன்.

கம்புகளை நிறுத்தும்போது நான் ஆட்களுக்குச் சொன்னதெல்லாம் ஜெர்மனில் வந்ததாம். பிடி, இழு, விடாதே எல்லாம். கூடாரம் அடிக்கிற வார்த்தை எதுவும் என்னிடம் தமிழில் இல்லை. அவர்களும் திருப்பிக் கேட்காமல் பிடித்தார்கள், இழுத்தார்கள். தேயிலைக் காட்டில் இங்கிலீஷ்காரத் துரை சொன்னதையெல்லாம் புரியாமலே செய்து பழகியவர்கள்.

மேலே ஊற்றுவது நின்றது. அந்தோணி சரிவின் மேல்பக்கத்தில் ஒரு கான் வெட்டி, வழிந்து வந்த தண்ணீரைத் திருப்பி விட்டார். மண்ணெண்ணெய் டின்னால் இறைத்து இறைத்து அடிமண் தெரியும்வரை கொண்டுவந்தார்கள். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அடியில ஊத்து இருக்கு மதினி. கல்லப் போட்டு மேல வைக்கலாம். ஆனா ராத்திரிக்குள்ள பொட்டி மட்டத்துக்கு ஏறிரும்."

அதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வந்துவிட்டார்கள். படுதா பிடித்துப் பெட்டியை நனையாமல் கொண்டுவந்திருந்தார்கள். ஃபாதர் குடைக்குள் நின்று புத்தகத்தைத் திறந்தார். ஜெசிந்தா புல்லில் கிடந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்மேல் மழைத் தண்ணீர் குளமாகத் தேங்கி நின்றது. அவள் போய் ஒரு ஓரத்தைத் தூக்கி அடியில் கையை வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, இது தண்ணி உடாதா?"

"விடாது."

"அப்ப இதுல சுத்திரலாம்."

ஃபாதர், அப்படி வழக்கமில்லையே என்று மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். ஜெசிந்தா அவர் முன்னால் போய் நின்றாள். கோவில் படி ஏறினாலே குரலைத் தாழ்த்திக்கொள்கிறவள்.

"ஃபாதர், வருசமெல்லாம் நனைஞ்சு வேல செஞ்சவங்க. கேட்டது இது ஒண்ணுதான். வழக்கத்துக்காண்டி நா இவங்களத் தண்ணிக்குள்ள போட மாட்டேன்."

ஃபாதர் அவளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குடையைக் கொண்டுவந்து துணியின் மேல் பிடித்தார்.

கூடாரத்துக்குள், குழிமேல் பலகை போட்டு வைத்துத்தான் சுற்றினோம். துணியைத் துடைத்து, காய்ந்த பக்கம் உள்ளே வரும்படி விரித்து, பெட்டியை நடுவில் வைத்தோம். செல்லம்மா சித்தியும் இன்னும் இரண்டு பெண்களும் ஓரங்களை மடித்து, கூடாரக் கயிற்றால் கட்டினார்கள். கொழுந்து மூட்டையைக் கட்டுகிற அதே கட்டு. மார்ட்டினின் படகு அம்மாவின் தலைமாட்டில் வந்தது. அம்மா அவனைப் பார்த்ததே இல்லை. அவன் கோடைதோறும் படுத்த துணிக்குள் அவளை வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்தும் ஒன்றும் தோன்றவில்லை. இந்தப் பக்கம் சரியாக மடிக்கவில்லையே, தண்ணீர் நுழையுமே என்றுதான் பார்த்தேன்.

ஜெபம் முடிந்து பெட்டியை இறக்கினார்கள். ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். கல்லின்மேல் பெட்டி உட்கார்ந்தபோது கட்டிலில் ஆள் உட்காருவது மாதிரி மெல்லிய சத்தம்தான் வந்தது. தண்ணீர்ச் சத்தம் இல்லை. ஜெசிந்தா வாய்விட்டு அழுதாள். சுற்றி நின்ற பெண்களும் அழுதார்கள்.

"நீயும் அழுதுரு அக்கா" என்றாள்.

"வரல ஜெசி."

"ஒனக்கு அங்க என்னமோ ஆயிப்போச்சு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பயந்துதான் சொன்னாள்.

மண் மூடி மேடு கட்டி முடிந்த பிறகு கூடாரத்தைக் கழற்றி, சேற்றோடு சுருட்டிப் பைக்குள் வைத்தேன்.

7

இங்கே திரும்பிய மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன். கூடாரத்தை நான் பிரிக்கவில்லை, பையோடு நிலவறையில் வைத்துப் பூட்டினேன். தரையைப் பற்றி வெர்னரிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. அதை ஜெர்மனில் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். பிறகு குளிர்காலம் வந்தது, யாருக்கும் கூடாரம் தேவைப்படவில்லை.

இதுவரை எழுதி நிறுத்தியிருந்தேன். போன சனிக்கிழமை வெர்னர் அந்தக் கூடாரத்தை எடுத்துத் தோட்டத்தில் துணி உலர்த்தும் கயிற்றில் போட்டார். பூசணம் பிடித்திருந்தது. அடிப்பக்கம் பூராவும் காணோம். அறுத்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். என்னைக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அவருடைய மரியாதை. புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மார்ட்டினுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. இப்போது பள்ளிக்கூடம் போகிறான். நான் தமிழில் கூப்பிட்டால் ஜெர்மனில் பதில் சொல்வான். தோழர்கள் கூட இருந்தால் பதிலும் வராது. அவன் கூடாரத்துக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "தரை எங்கே? என் படகு எங்கே?" என்று கேட்டான்.

நான் துணிகளை மடித்துக்கொண்டே தமிழில் சொன்னேன். "ஒங்க அம்மாச்சிக்குக் குடுத்துட்டேன்."

அவனுக்கு அந்த வார்த்தை தெரியாது. அது யார் என்றான். என்னைப் பெற்றவள் என்றேன். அவள் கூடாரத்தில் தூங்குவாளா என்றான். இல்லை, அவள் செத்துப்போய்விட்டாள், அங்கே மழை அதிகம், குழிக்குள் தண்ணீர் வரும், நனையாமல் படுக்க வேண்டும் என்று கேட்டாள், அதனால் உன் தரையில் சுற்றிப் படுக்க வைத்தோம் என்று ஜெர்மனில் சொன்னேன். ஒரு வருஷமாக எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இருந்த விஷயம் இவ்வளவு சிறியதாக இருந்தது.

அவன் கூடாரத்தின் அறுந்த ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டான்.

"இப்பவும் நனையாமத்தான் இருக்காளா?"

அவன் கேட்டது ஜெர்மனில்தான். எனக்கு அது ஜெசிந்தா கேட்பது போலக் காதில் விழுந்தது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். குழந்தைக்கு அது போதும். ஆனால் அங்கே ஜூலை மழைக்காலம். போன வாரம் முழுக்க அங்கே மழை கொட்டியிருக்கும். கட்டு நெகிழ்ந்திருக்கலாம், துணி இற்றிருக்கலாம். அந்தச் சரிவுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? "தெரியலடா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தைக்குப் பதிலாக அழுகை வந்தது. மடித்த துணியெல்லாம் புல்லில் விழ, அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறக்க, லயத்தில் பெண்கள் அழுவது போல நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதேன்.

மார்ட்டின் பயந்துபோய் அப்பாவைக் கூப்பிட வீட்டுக்குள் ஓடினான்.